பாட்டிலுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்

காலி பீர் பாட்டிலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, மேலே ஒரு மயில் வரைந்து, கழுத்தில் சணல் கயிறு சுற்றி, ஜிகினா தூவி வரவேற்பறையில் நிறுத்தும் கலைக்கு இது நல்ல காலம். கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமே அதுதான். கைவினைக் கண்காட்சிகளில் மேசை மேசையாக அடுக்கி வைத்து, ‘குப்பையைக் கலையாக்குகிறோம்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அழகாக இருக்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அது குப்பையைக் குறைக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. சில சமயம் கூட்டவும் செய்கிறது என்பதே என் கட்சி.

பீர் பாட்டில் நம் நாட்டில் ஒருமுறை குடித்துவிட்டு வீசுவதற்காகச் செய்யப்படும் பொருள் அல்ல. காயலான் கடையிலிருந்து மொத்த வியாபாரிக்குப் போய், அங்கே வகை பிரிக்கப்பட்டு, ஆலையில் கழுவப்பட்டு, மறுபடி நிரப்பப்பட்டு விற்பனைக்கு வரும். அதனால்தான் மற்றக் கண்ணாடியைக் கண்டால் முகம் சுளிக்கும் பழைய இரும்புக் கடைக்காரர், பீர் பாட்டிலை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்கிறார். மது பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் டாஸ்மாக் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கி, பிறகு மற்ற மலைப்பகுதிகளுக்கும் விரிந்தது. காட்டோரம் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதன் விளைவு அது. இப்படித் திரும்பிப் போக வழியுள்ள ஒரு பாட்டிலைப் பிடித்து நிறுத்தி அக்ரிலிக் பெயின்ட் பூசினால், அந்தச் சுற்றிலிருந்து அது நிரந்தரமாக வெளியேறிவிடுகிறது. அக்ரிலிக் பெயின்ட் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். ஜிகினா என்பது பெரும்பாலும் உலோகப் பூச்சுக் கொடுத்த பாலியெஸ்டர் பொடி. கண்ணாடியோடு இரண்டு வகை பிளாஸ்டிக், பசை, கயிறு எல்லாம் சேர்ந்துவிட்ட பிறகு, இரண்டு ஆண்டு கழித்து அலமாரியில் தூசி படிந்து அலுத்துப்போகும்போது அதை எடுத்துக்கொள்ள ஆள் கிடையாது. “அப்படியே கொடுத்திருந்தால் எடுத்திருப்பேனே அம்மா” என்பார் கடைக்காரர். அவர் சொல்வது நியாயம்.

கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்குவதில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சம். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் தண்ணீர் பாட்டில் பாலியெஸ்டர் இழையாக மாறித் தலையணைப் பஞ்சாகவும் துணியாகவும் வருகிறது. கழுவிக் காயவைத்த பால் கவருக்குக்கூட விலை உண்டு. இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு வேலை காத்திருக்கிறது. நாம் கத்தரியும் பசையும் எடுத்துக்கொண்டு குறுக்கே போக வேண்டியதில்லை.

அப்படியானால் கைவினைக்கு எது? கடைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கும் சாமான்தான். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, தையற்கடைத் துண்டுத் துணி, கிழிந்த தார்ப்பாய், உடைந்த ஓடு. சிப்ஸ் பாக்கெட்டில் வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கின்றன. பிரித்து உருக்குவதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். அதனால் அதைப் பொறுக்குகிறவர்கள்கூடப் பொறுக்குவதில்லை.

இதை வைத்துப் பார்த்தால் சேலம் கொடுத்துவைத்த ஊர். இங்கே குப்பை வீட்டில் மட்டும் பிறப்பதில்லை, பட்டறையிலும் தறியிலும் மண்டியிலும் பிறக்கிறது. அந்தக் குப்பைக்கு ஒரு ஒழுங்கு உண்டு.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளைப் பாருங்கள். கொலுசு செய்யும்போது கம்பி இழுப்பதிலும் வெட்டுவதிலும் பற்றவைப்பதிலும் அரத்தால் ராவுவதிலும் துளித் துளியாக வெள்ளி உதிர்கிறது. தரையைக் கூட்டிய தூசியை யாரும் தெருவில் கொட்டுவதில்லை. சேர்த்துவைத்து, எரித்து, அலசி, உருக்கி வெள்ளியை மீட்டுவிடுவார்கள். அங்கே கழிவு மேலாண்மைக்கு விழிப்புணர்வுப் பேரணி தேவைப்படவில்லை. விலை இருந்தது, அவ்வளவுதான். விலை இறங்க இறங்க அக்கறையும் இறங்குகிறது. வெள்ளித் தூசிக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில்தான் கைவினைஞருக்கு இடம் இருக்கிறது.

அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்துவது தறிக் கழிவு. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை என்று சேலத்தைச் சுற்றித் தறியில்லாத திசை குறைவு. கைத்தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் பூட்டிய நூல், முடியும் தறுவாயில், இழைகளைப் பிரித்துப் பிடிக்கும் அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் நெய்ய முடியாத கொஞ்ச நூல் நின்றுவிடும். புதுப் பாவின் இழைகளை அந்தப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுவதால் அங்கே சேதம் குறைவு. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாக் கட்டை இல்லாமல் இயங்கும் நவீன விசைத்தறிகளில் கதை வேறு. துணியின் இரு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தறியே வெட்டித் தள்ளும். மணிக்கணக்கில் ஓடினால், குஞ்சம் வைத்த நாடாவைப் போல நீள நீளமாக வந்து குவியும். புட்டா போட்ட சேலைகளில் ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் இடையே பின்பக்கம் சும்மா ஓடும் நூலை வெட்டி எடுக்கிறார்கள். அதுவும் மூட்டை மூட்டையாகச் சேரும். பருத்தியாக இருந்தால் எண்ணெய் துடைக்க மெக்கானிக் பட்டறைக்குப் போகும். மற்றதில் ஒரு பகுதி கயிறாகவும் தரை துடைப்பானாகவும் மாறும். மிச்சத்துக்குக் கேட்பாரில்லை.

லீ பஜார் மளிகை மண்டிகளிலிருந்து எண்ணெய் டின்னும் சாக்கும். சங்ககிரி லாரித் தொழிலிலிருந்து டயர், டியூப், வெயிலில் நைந்த தார்ப்பாய். சேகோ எனும் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு அரைத்துப் பால் எடுத்த பின் எஞ்சும் திப்பி, ஏற்கெனவே மாட்டுத் தீவனமாகப் போய்விடுவதால் நம் கணக்கில் வராது. ஆனால் அதே மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை காகித வேலைக்குக் கடைப் பசையைவிட நன்றாகவே ஒட்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

15 கிலோ எண்ணெய் டின்னின் வரலாறு தனியாக எழுதத்தக்கது. அதை வெட்டித் தட்டி விரித்துப் புனல், முறம், துருவி, குப்பை அள்ளும் தட்டு, சிமினி விளக்கு எல்லாம் செய்துகொடுத்த தகரப் பட்டறைக்காரர்கள் நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை தெருவுக்குத் தெரு இருந்தார்கள். தார் டின்னைப் பிரித்து நிமிர்த்திக் குளியலறைக் கதவு போட்டார்கள். யாரும் அதைக் கலை என்று சொல்லிக்கொள்ளவில்லை. பொருளுக்குத் தேவை இருந்தது, மூலப்பொருள் ஒரே அளவில், ஒரே கனத்தில், தினமும் வந்தது. ஒரு டின்னுக்கு வெட்டிய அளவு ஆயிரம் டின்னுக்கும் பொருந்தும். இந்த ஒரே சீரான வரத்துதான் கழிவுக் கைவினையின் உயிர்நாடி. வீட்டுக் குப்பையில் அது கிடைக்காது. இன்றைக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாளைக்கு ஒரு ஊறுகாய் பாட்டில், அடுத்த வாரம் ஒரு ஷூ பெட்டி. ஒவ்வொன்றுக்கும் புதிதாக யோசிக்க வேண்டும். பொழுதுபோக்குக்குச் சரி, பிழைப்புக்கு ஆகாது.

சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 முதல் அரசுக்குத் தெரியாமல் காட்டுக்குள் கட்டிக்கொண்டே வந்து, 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். உடைந்த வளையலும் பீங்கானும் சிலைகளானது உண்மை. ஆனால் புது நகரம் எழுந்தபோது இடித்துத் தள்ளப்பட்ட ஊர்களின் இடிபாடு அவருக்கு மலையாகக் கிடைத்தது. ஒரே வகைப் பொருளை ஆயிரக்கணக்கில் பதிக்க முடிந்ததால்தான் அந்தச் சிலைகளுக்கு அந்த அழகு. ஒரு வீட்டின் ஒரு மாதக் குப்பையை வைத்து அவராலும் முடிந்திருக்காது.

மலைமேல் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். (சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து உப்பிக்கொண்டு வருவதைப் பின்சீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.) மேலே போகும் ஒவ்வொரு பொட்டலமும் காலியான பிறகு அதே வளைவுகளில் கீழே இறங்கியாக வேண்டும். எடையற்று இடத்தை அடைக்கும் சரக்குக்கு வண்டி வாடகை கட்டாது. இறக்காவிட்டால் காபித் தோட்ட ஓரத்தில் கிடக்கும், காட்டெருமை வாயில் போகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. ஆனால் ஆலையிலேயே அடைத்து வரும் பாக்கெட்டுகள் இன்னும் மலையேறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே அவற்றை அங்கேயே ஏதாவது செய்ய முடியுமென்றால் அதற்கு அர்த்தம் உண்டு.

சிப்ஸ் பாக்கெட்டில் பை செய்யும் முறை எளிது. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வரும். காய்ந்ததும் ஒரே அளவுப் பட்டையாக வெட்டி, நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, நடுவில் வளைத்து இரு காலாக்கி, ஒன்றின் மடிப்புக்குள் அடுத்ததன் கால்களைச் செருகிக்கொண்டே போனால் கோணல்மாணலாக ஒரு சங்கிலி வளரும். சங்கிலிகளை நைலான் நூலால் பக்கம் பக்கமாகத் தைத்தால் பை. பசை வேண்டாம். ஈரத்துக்கு அசையாது.

ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சொந்தச் சரக்கு என்றால் அது காபி மரம்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டின் பிறப்புக் கதை. செடி கிழடு தட்டி விளைச்சல் குறைந்தால் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். பிடுங்கியது விறகுதான். கட்டை பருமனில்லை, நேராகவும் இருக்காது, பலகை அறுக்க உதவாது. ஆனால் நெருக்கமான இழை, நல்ல கெட்டி. அடுப்புக்குப் போக வேண்டிய அந்தக் கோணல் கட்டையைத் தோலுரித்து இழைத்தால் முக்காலிக்கால், கைத்தடி, துணி மாட்டும் தாங்கி. இதில் சூட்சுமம் உலர்த்துவதில்தான் இருக்கிறது. பச்சையாக வெயிலில் போட்டால் மேல்பக்கம் முதலில் சுருங்கி, உள்பக்கம் ஈரமாகவே நின்று, நீள வெடிப்பு விடும். வெட்டிய முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில், காற்றோட்டத்தில், மாதக்கணக்கில் கிடக்கவிட வேண்டும். பொறுமையில்லாதவர் செய்த முக்காலி கீழ்நாட்டு வெயிலுக்கு வந்த முதல் கோடையிலேயே வாய் பிளக்கும்.

வீட்டுக்குள் வருவோம். நம் பாட்டிமார் செய்த காகிதக் கூழ்க் கூடையைவிடச் சிறந்த வீட்டுக் கைவினையை நான் இன்னும் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாளையும் நோட்டுத் தாளையும் சிறிது சிறிதாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள், தண்ணீரை மாற்றி மாற்றி. வெந்தயத்தைத் தனியாக ஊறவைப்பார்கள். இரண்டையும் ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினால், நூலிழை தெரியாத வழுவழுப்பான கூழாகத் திரண்டு வரும். கையில் எடுத்தால் தோசை மாவைவிடக் கெட்டியாக, விரலில் ஒட்டி இழுக்கும். அந்த இழுப்பு வெந்தயத்தின் கோந்து. ஒரு குடத்தையோ அண்டாவையோ கவிழ்த்து, மேலே ஈரத் துணி போர்த்தி, கூழை விரற்கடை கனத்தில் வழித்துத் தட்டிக்கொண்டே வருவார்கள். கனம் எங்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அடியில் மட்டும் கொஞ்சம் கூட்டலாம். முதல் நாள் நிழல், பிறகு வெயில். முக்கால்வாசி காய்ந்து விளிம்பு தானாகப் பாத்திரத்தை விட்டு விலகத் தொடங்கும்போது கழற்றிவிட வேண்டும். முழுக்கக் காயவிட்டால் பாத்திரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வெடிக்கும். புது மூங்கில் முறத்தின் கண்களை அடைக்கவும் இதே கூழைத்தான் மெழுகினார்கள். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள்.

இன்று ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். அச்சு மையிலுள்ள ரசாயனங்களைக் காரணம் காட்டி, செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலும் 2023-இலும் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே அச்சடித்த காகிதத்தில் செய்த கூடையில் வெங்காயம், பூண்டு, தையல் சாமான் வைக்கலாம். மாவும் பலகாரமும் வேண்டாம்.

துணி விஷயத்தில் முதலில் ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டிப் பார்ப்பது நல்லது. காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலானால் பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். மிதியடிக்குப் பருத்திதான் வேண்டும், ஈரத்தை உறிஞ்ச வேண்டுமே. பாலியெஸ்டர் சேலையைப் பையாகத் தைக்கலாம், கயிறாகத் திரிக்கலாம், சூடான பாத்திரம் பிடிக்கும் துணியாக மட்டும் ஆக்கக் கூடாது. பழைய பருத்திச் சேலையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னி, சுருட்டிச் சுருட்டித் தைத்தால் மிதியடி. தறி வைத்திருப்பவரானால் இன்னும் சுலபம்: பாவுக்கு மட்டமான நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு இந்தக் கிழிசல் பட்டை. மணிக்கு எத்தனை என்று எண்ணிப் போடும் வேகத்தில் நெய்துவிடலாம். சேலத்தில் இதற்கு வேண்டிய கையும் தறியும் இருக்கின்றன.

பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் கணக்காகவே தெரிகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் புதுப் பருத்தித் துணியில் பை தைத்தால் பருத்தி விளைந்த தண்ணீர், உரம், நூற்ற மின்சாரம் எல்லாம் அந்தப் பையின் கணக்கில் ஏறும். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணக் கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, புவி வெப்பமாதல் என்ற ஒன்றை மட்டும் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். தண்ணீர் உள்ளிட்ட எல்லாப் பாதிப்புகளையும் பார்த்தால் ஆயிரக்கணக்கான முறை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கிடைத்து அலமாரியில் அடுக்கடுக்காகத் தூங்கும் பைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சேலையில் தைத்த பைக்கு இந்தக் கடன் இல்லை. அந்தப் பருத்தியின் கணக்கைச் சேலை பல ஆண்டு உடுத்தித் தீர்த்துவிட்டது. தையல் கூலியும் நூலும்தான் புதுச் செலவு.

விலை என்று வரும்போதுதான் பல சுய உதவிக் குழுக்கள் திணறுகின்றன. மூலப்பொருள் இலவசம் என்பதால் பொருளும் மலிவாக இருக்க வேண்டும் என்று வாங்குபவர் நினைக்கிறார். கழுவுவதும் பிரிப்பதும் ஒரே அளவாக வெட்டுவதும்தான் உண்மையான செலவு என்று அவருக்குத் தெரியாது. ஒரு பைக்கு மூன்று மணி நேரம் ஆகி, அது 150 ரூபாய்க்குப் போனால், நூல், ஜிப், கடை வாடகை போக மணிக்கு 40 ரூபாய்கூட நிற்காது. இதற்கு இரண்டு வழிகள்தான் எனக்குத் தெரிகின்றன. நேரத்தைக் குறைப்பது ஒன்று. அதற்குத்தான் பட்டறைக் கழிவு, ஏற்கெனவே சுத்தமாக, ஒரே அளவில் வருகிறது. மற்றொன்று, பொருளைப் பரிதாபத்துக்கு விற்காமல் பயனுக்கு விற்பது. லாரித் தார்ப்பாயில் தைத்த பை மழையில் நனையாது, பத்துக் கிலோ தாங்கும். அதைக் கழிவு என்று சொல்லி விற்க வேண்டிய அவசியமே இல்லை. காபிக் கட்டை முக்காலியை வாங்குகிறவர் ஏற்காட்டை வாங்கிக்கொண்டு போகிறார். குப்பை என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

கடைசியாக, வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாதவை. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. அதை வெட்டிப் பூச்சாடி செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துக் கடந்துவிடுங்கள். பி.வி.சி. குழாயைச் சூடாக்கி வளைக்கும்போது கருகவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூடிய அறையில் செய்யக் கூடாது. பழைய கதவு, சன்னலைத் தேய்த்து மேசையாக்குவது அழகான வேலைதான், ஆனால் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உப்புத்தாளில் உலரத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும். நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெளிநாட்டு இயந்திரம் வந்திறங்கிய பேக்கிங் மரத்தில் முத்திரை இருக்கும்: எச்.டி. என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, விட்டுவிட வேண்டும். தோட்டங்களில் கிடைக்கும் பூச்சிமருந்து கேன் எவ்வளவு கெட்டியாக, எவ்வளவு அழகான நீலத்தில் இருந்தாலும் தண்ணீர் பிடிக்கவோ செடி வைக்கவோ உதவாது. மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் மருந்துத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி அடியில் ஓட்டை போட்ட பிறகே அதைத் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்ப வேண்டும்.